ஃபேன் சுத்துதா, அண்ணாச்சி?

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுக்கத் தொடங்கும். துலாவர்ஷம் என்று இங்கே சொல்கிற இந்த மழையில் தண்ணீரைவிட இடிக்குத்தான் பேர் அதிகம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கை விடும். முந்தின நாள் சாயங்காலம் நன்றாக இடி வெட்டியிருந்தால், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் மறுநாள் கொஞ்சம் சீக்கிரமாகவே ஷட்டரைத் தூக்குவார்.

அப்படி ஒரு காலையில் சாலைக் கம்போளம் என்ற சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி என் எதிரே வந்து உட்கார்ந்தார். சாயா வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"வீட்டுல இருக்க கம்ப்யூட்டருக்கு ஒரு அனக்கமும் இல்ல தம்பி. இடி அடிச்சுட்டுதுன்னு பய சொல்லுகான். புதுசு வாங்கிரலாமாம்."

"வாங்குறது கிடக்கட்டும். ஃபேன் சுத்துதா, அண்ணாச்சி?"

அவர் பார்க்கவில்லை. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 'ஸ்டார்ட் ஆகலை' என்றதோடு சரி. காய்ச்சல் என்று வருகிறவரிடம் டாக்டர் எத்தனை நாளாக, குளிர் உண்டா, இருமல் உண்டா என்று கேட்பார். கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தக் கேள்விகளை யாரும் கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: போர்டு போச்சு, அல்லது ஃபார்மேட் பண்ணணும். பாதிக்கு மேற்பட்ட கேஸ்களில் இரண்டுக்குமே தேவை இருக்காது என்பது என் கட்சி. எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் செலவின் அளவும் தெரிந்துவிடும், ஏமாறுகிற அளவும் குறையும்.

பொத்தானை அமுக்கியதிலிருந்து என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முன்பக்கத்துப் பொத்தான் விளக்குக்குப் போடுகிற சுவிட்ச் மாதிரி மின்சாரத்தைத் திறந்து விடுவதில்லை. பிளக் செருகிச் சுவரில் சுவிட்ச் போட்டிருந்தாலே, எஸ்எம்பிஎஸ் என்கிற தகரப் பெட்டி 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். பொத்தானிலிருந்து போவது இரண்டு மெல்லிய வயர்கள். அமுக்கியதும் அவை ஒரு நொடி தொட்டுக்கொள்ளும். அதைக் கண்ட மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை முழுசாக எழச் சொல்லும். 12, 5, 3.3 என்று மூன்று வோல்ட்டும் நிலைத்த பிறகு, 'சரி, எல்லாம் ஒழுங்கு' என்று எஸ்எம்பிஎஸ் தனி வயரில் ஒரு சைகை காட்டும். இதற்கு அரை நொடிகூட ஆகாது. அந்தச் சைகை வராமல் பிராசஸர் அசையாது. வந்ததும் போர்டில் ஒட்டியிருக்கிற ஒரு சின்ன சிப்பிலிருந்து, அதாவது பயாஸிலிருந்து, முதல் கட்டளையைப் படிக்கும். ரேம் இருக்கிறதா, டிஸ்ப்ளே இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். அதற்கப்புறம்தான் டிஸ்க்கைத் தேடி, அதிலிருக்கும் விண்டோஸையோ லினக்ஸையோ தட்டி எழுப்பும்.

இந்த வரிசையில் எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி. ஃபேன் சுற்றுவது வரிசையின் தொடக்கத்திலேயே கிடைக்கிற தடயம். அதனால்தான் அதை முதலில் கேட்டேன்.

ஃபேனும் இல்லை, முன்பக்க விளக்கும் இல்லை என்றால் முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படாதீர்கள். அதே பிளக் பாயின்ட்டில் ஒரு மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அடுத்தது யுபிஎஸ். வீட்டு யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருஷத்தில் அது கிழடு தட்டிவிடும். பேட்டரி செத்தால் சில யுபிஎஸ்கள் கரண்ட் இருந்தும் விடுவதில்லை. தாமும் எழாமல், பின்னால் இருக்கிற கம்ப்யூட்டரையும் எழவிடாமல் கிடக்கும். யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் கேபிளை நேராகச் சுவர்ப் பாயின்ட்டில் செருகினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அண்ணாச்சி வீட்டில் பழி இடியின் தலையில் விழுந்தது. குற்றவாளி யுபிஎஸ் பேட்டரி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் புறப்பட்ட பயல் பேட்டரியோடு திரும்பினான்.

யுபிஎஸ் சரி, அப்போதும் அனக்கமில்லை என்றால் கேபினட்டின் பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்; வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அணைந்திருக்கலாம். சிரிக்காதீர்கள், நடக்கிற காரியம். அதுவும் சரி என்றால் எஸ்எம்பிஎஸ் போயிருக்கலாம், அல்லது பொத்தான் சிக்கியிருக்கலாம். மெக்கானிக் வந்தால் மதர்போர்டில் பொத்தான் வயர் இரண்டும் செருகியிருக்கிற இடத்தில், அவற்றைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு ஊசியையும் ஒரு கணம் தொடுவார். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் பொத்தான்தான் கோளாறு. எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் பிழைத்தன.

எஸ்எம்பிஎஸ்ஸின் தகர மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். நம் ஊரில் அதற்குள் பல்லி புகுந்து, இரண்டு பாயின்ட்டுக்கு நடுவே கருகிக் கிடப்பதும் உண்டு. எறும்பு கூடு கட்டுவதும் உண்டு. சூடாக இருக்கிற பெட்டி, மழைக்காலம், பல்லியையும் எறும்பையும் குறை சொல்லி என்ன பயன்? கேபினட்டின் பின்பக்கத்தில் கார்டு இல்லாமல் திறந்து கிடக்கிற ஓட்டைகளுக்குப் பொருந்துகிற தகட்டைத் திருகி வைத்தால் போதும்.

இடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அண்ணாச்சி வீட்டில் அது நிரபராதி என்றாலும் எல்லா வீட்டிலும் அப்படியல்ல. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் விழுந்தாலும் கம்பி வழியே ஓர் அலை பாய்ந்து வரும். கரண்ட் கம்பியை எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், பிளக்கைப் பிடுங்குகிறார்கள். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். இப்போது வீட்டுக்கு வருவது ஃபைபர்தானே, கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாதே என்பார்கள். சரிதான். ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் கரண்டில் செருகியிருக்கிறது. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடுவது தாமிரக் கம்பி. இடி மழைக்கு மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்தும் இன்டர்நெட் மட்டும் வராமல் போனால் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் அடி விழுந்திருக்கும். வானம் கறுக்கும்போதே பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு ஓடிப்போய்ப் பிளக்கில் கை வைக்கக் கூடாது.

கேபினட்டின் தகரத்தில் விரல் பட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டுகிற சின்ன கெப்பாசிட்டர்கள் இரண்டு உண்டு. எர்த் வயர் அறுந்திருந்தால் அவற்றின் வழியே ஏறக்குறைய பாதி வோல்டேஜ், மிகக் குறைந்த கரண்டோடு, தகரத்துக்கு வந்துவிடும். ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். எர்த் இல்லாத வீட்டில் மின் அலையைத் தடுக்கிற ஸ்பைக் கார்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாதிப் பயன்தான், அதிகப்படியாக வருகிற மின்சாரத்தைத் தள்ளிவிட அதற்குப் போக்கிடம் இல்லை. கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பல, ஒரு ஃபியூஸ் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டுமே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்வதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

இனி அடுத்த ரகம். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. இங்கே கீபோர்டில் நம் லாக் (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. திரைக்குச் சேதி போகவில்லை, அவ்வளவுதான். மானிட்டர் கேபிள் தளர்ந்திருக்கலாம், மானிட்டர் வேறு இன்புட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் கேபிளை அந்தக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

நம் லாக் விளக்கும் அசையவில்லை என்றால் ரேமைப் பாருங்கள். கடலோர ஊரில் இதற்குத் தனி இடம் உண்டு. சங்குமுகம், வலியதுறை, விழிஞ்ஞம் பக்கம் உப்புக் காற்று. ஊர் முழுக்க இடவப்பாதி மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். ரேம் கார்டின் அடிவிளிம்பில் வரிசையாகத் தங்க முலாம் பூசிய பட்டைகள் இருக்கும். அவற்றின் மேலும் செருகும் சாலுக்குள்ளும் பாசி மாதிரி ஒரு மெல்லிய படலம் படிந்து, தொடர்பு விட்டுப் போகும். பிளக்கைப் பிடுங்குங்கள். பொத்தானைச் சில நொடி அமுக்கிப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். கேபினட்டின் வெறும் தகரத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு, இரு பக்கத்துக் கொக்கியையும் விலக்கி, ரேமை விளிம்பில் பிடித்து எடுங்கள். மெக்கானிக்குகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேய்ப்பார்கள். ரப்பரில் கறுப்பு ஒட்டி வரும். தேய்க்கத் தெரியும் என்றால் தேயுங்கள், அழுத்தாமல், தூளைச் சாலுக்குள் விழவிடாமல். இல்லையென்றால் உலர்ந்த துணியால் துடைத்தாலே பல சமயம் போதும். திரும்பச் செருகும்போது 'டக்' என்று கொக்கி தானாக மடங்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் மூடிவிட்டால் வேலை பாதிதான். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை.

இந்த ஊரில் என்னிடம் 'போர்டு போச்சு' என்று வந்த கேஸ்களில் இந்தத் துடைப்பிலேயே எழுந்தவை நிறைய. தினமும் ஓடுகிற கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை குறைவு. அதன் சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும். லீவுக்கு நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டர்தான் முரண்டு பிடிக்கும்.

போர்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால் பீப் சத்தத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேறு. போர்டின் புத்தகத்தில் இருக்கும். புதிய போர்டுகளில் பீப்புக்குப் பதில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு சின்ன விளக்குகள். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் தகராறு. இருபது வருஷப் பழைய போர்டு என்றால் உருளை உருளையாக நிற்கிற கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தால் அதுதான் காரணம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகம் முழுக்க மட்டமான கெப்பாசிட்டர்கள் போர்டுகளில் ஏறி, சில வருஷத்திலேயே உப்பி வெடித்தன. சால்டரிங் கை சுத்தமான ஆள் கிடைத்தால் மாற்றிவிடலாம்.

போர்டில் ஒரு நாணய பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்தால் கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துபோகும். தினமும் எஃப் 1 அமுக்கச் சொல்லும். மாற்றுவது சுலபம், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரி போனதும் பயாஸில் செய்து வைத்திருந்த ஏற்பாடுகளும் பழையபடி ஆகிவிடும். டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்ற ஏற்பாடும் அதில் ஒன்று. அது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டி விழும். டிஸ்க் நன்றாக இருக்கும், விண்டோஸும் நன்றாக இருக்கும். பயாஸில் ஒரே ஒரு வரியைப் பழையபடி ஏஎச்சிஐ என்றோ ரெய்டு என்றோ திருப்பினால் போதும். இந்த இடத்தில் அநியாயமாக ஃபார்மேட் ஆன கம்ப்யூட்டர்கள் எத்தனையோ.

டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறதா? யுஎஸ்பியில் பென்டிரைவ் செருகியிருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் அதிலிருந்து எழப் பார்த்து ஏமாந்திருக்கலாம். பிறகு டிஸ்க்கின் கேபிளை அழுத்திச் செருகுங்கள். பழைய வகை ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீராகச் சத்தம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஊசிமுனை தட்டை உரசக்கூடும். அதில் இருக்கிற கல்யாண ஃபோட்டோ உங்களுக்கு வேண்டும் என்றால் அணைத்துவிட்டு, டேட்டா மீட்கிற ஆளிடம் கொடுப்பதே வழி.

விண்டோஸ் சின்னம் வந்துவிட்டு அங்கேயே சுற்றுகிறது என்றால் நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். கரண்ட், போர்டு, ரேம், டிஸ்க் எல்லாம் வேலை செய்திருக்கின்றன. கடைசி ஆள் மட்டும் எழவில்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகமே பார்த்தது இதைத்தான். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு தவறான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில்கூட ஸ்பேர் பார்ட் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சேஃப் மோடில் எழுப்பி அந்த ஒரு ஃபைலை அழித்ததும் எழுந்து நின்றன.

வீட்டிலும் அதே வழிதான். இரண்டு மூன்று முறை எழ முடியாமல் விழுந்தால் விண்டோஸ் தானே ஒரு பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் ஸ்டார்ட்அப் ரிப்பேர் இருக்கும், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குகிற வழி இருக்கும், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியே சேஃப் மோடும் இருக்கும். 'ரீசெட்' என்பதை மட்டும் கடைசி ஆயுதமாக வையுங்கள்.

2024-இல் அந்த நீலத் திரையைச் சரிசெய்கிற வேலையை இழுத்தடித்தது இன்னொன்று: டிஸ்க்குக்குப் போடுகிற பிட்லாக்கர் பூட்டு. அது விழுந்திருந்த பல கம்ப்யூட்டர்களில் 48 இலக்கச் சாவி இல்லாமல் சேஃப் மோடே திறக்கவில்லை. இப்போது வருகிற பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டதும் நமக்குத் தெரியாமலேயே இந்தப் பூட்டு விழுந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கிலேயே கிடக்கும். இன்றைக்கு கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி, ஆதாரம் பத்திரம் வைக்கிற அலமாரியில் வையுங்கள். போர்டு மாற்றினால் முதலில் கேட்பது அதைத்தான்.

விண்டோஸ் எழவே மாட்டேன் என்கிறது, உள்ளே இருக்கிற ஃபைல்கள் மட்டும் வேண்டும். இதற்கு இந்த ஊரில் கிடைக்கிற உதவி வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கேரளத்துப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம்தான் பின்னர் கைட் என்ற அரசு நிறுவனமானது. தலைமை இடம் இங்கே பூஜப்புரையில். உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்கள் தயாரித்த லினக்ஸைத்தான் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம். ஃபைல்களைப் பார்த்து வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தால் போதும், பிட்லாக்கர் பூட்டு இருந்தால் சாவியோடு. தெருவில் உயர்நிலைப் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐடி கிளப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்று இருக்கும். கூப்பிட்டு ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு நின்றதைச் சொல்லி 'இது பழசு, தூக்கிப் போடுங்க' என்கிற கடைக்காரருக்கும் இதே லினக்ஸ் பதிலாகும்.

இதெல்லாம் பார்த்தும் எழாத கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். கொண்டு போகும்போது 'ஸ்டார்ட் ஆகலை' என்று சொல்லாதீர்கள். ஃபேன் சுற்றுகிறது, நம் லாக் அசையவில்லை, ரேமைத் துடைத்துப் பார்த்தாயிற்று என்று சொல்லுங்கள். டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள். கடைக்காரர் ரசீது எழுதும்போது 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று ஒரு வரி மலையாளத்திலேயே சேர்த்து எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள்.